ஊர் கூடிக் காத்த அணை

மனிதருக்கு வயதானால் வைத்தியரிடம் போக வேண்டும். அணைக்கு வயதானால் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இது உலக நியதி.

அந்த ஊர் ஏரியின் அணைக்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது. கட்டியவர்கள் கல்வெட்டு வைக்க மறந்துவிட்டார்கள். அணை கட்டுகிற மும்முரத்தில் இருந்திருப்பார்கள் போலிருக்கிறது. இந்தக் காலத்தில் அப்படியெல்லாம் நடக்காது. கல்வெட்டு முதலில் வந்துவிடும், அணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அணையின் காலடியிலேயே ஒரு தெரு. தெருவின் முதல் கட்டடம் பஞ்சர் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, அதற்கும் பின்னால் அணைச் சுவர். பஞ்சர்கடைக்காரர் உலகத்தில் எதைப் பார்த்தாலும் அது எங்கே ஒழுகுகிறது என்றுதான் முதலில் பார்ப்பார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூடப் பெண்ணைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். "கூரை ஒழுகுச்சில்ல?" என்பார் அவர். ஒழுகியது உண்மைதான்.

டியூபை முக்கிப் பார்ப்பதற்குக் கடையில் ஒரு தொட்டி உண்டு. ஒருநாள் ராத்திரி அதைக் காலி செய்து, கவிழ்க்காமல் கொல்லையில் வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் தளும்பத் தளும்பத் தண்ணீர்.

"நீ ரொப்புனியா?"

"எனக்குத் தைக்கிற வேலை பத்தாதுன்னு உங்க தொட்டிக்குத் தண்ணி வேற சுமக்கணுமா?" என்றாள் மனைவி, தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

ஈரம் வந்த வழியைப் பிடித்துக்கொண்டே போனார். கொல்லைப்புறத்தில், அணைச் சுவரில், முழங்கால் உயரத்தில் ஒரு விரிசல். ஒரு விரல் அகலம், ஒரு முழ நீளம். அதிலிருந்து ஏரி மெல்ல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மனைவியின் தம்பி கொத்தனார். கூப்பிட்டனுப்பினார்கள். அவன் விரிசலுக்குள் குச்சியை விட்டுப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான், பிறகு அக்காவிடம் டீ கேட்டான்.

"ஒரு நாள் வேலை மாமா. நாலு சட்டி களிமண்ணு, ரெண்டு சட்டி சுண்ணாம்பு, அஞ்சாறு கல்லு. சாயங்காலம் கையைக் கழுவிட்டுப் போயிடலாம்."

"அப்போ ஆரம்பி மச்சான்."

"சர்க்கார் சுவராச்சே மாமா. போன வருஷம் ஒருத்தன் சர்க்கார் கம்பத்துல சாஞ்சு நின்னான்னு ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சுட்டாங்க. இது அணை. ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க."

மழைக்கு இன்னும் ஒரு வருஷம் முழுசாக இருந்தது. அப்போதுதான் ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வர ஒரு வருஷம் தாராளம் என்று பஞ்சர்கடைக்காரர் நினைத்தார். மனிதர் நல்லவர், அனுபவம் போதாது.

அலுவலகத்தில் கீழ்த்தளத்தில் சுவர்ப் பிரிவு, மாடியில் தண்ணீர்ப் பிரிவு. சுவர்ப் பிரிவின் எழுத்தர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"விரிசல்னா என்னங்க? சுவர் இல்லாத இடம். சுவர் இல்லாத இடத்துக்குச் சுவர்ப் பிரிவு எப்படிப் பொறுப்பாகும்? மாடிக்குப் போங்க."

மாடியில் இருந்தவர் இன்னும் பொறுமைசாலி. "ஏரிக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் அது எங்க தண்ணி. வெளிய வந்துட்டா தோளுக்கு மேல வளர்ந்த பிள்ளை மாதிரி. எங்க போற, எப்ப வருவேன்னு நாங்க கேக்க முடியாது."

"இது உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல சார். சுவருக்கு நடுவுல இருக்கு."

"சுவருக்கு நடுவுலன்னா கீழ்த்தளம்."

ஆறு முறை ஏறி இறங்கினார். ஏழாவது முறை அவர் மூச்சிரைப்பதைப் பார்த்துக் கீழ்த்தளத்து எழுத்தருக்கே மனம் இளகிவிட்டது. குறை சொல்லக் கூடாது, அவரும் பிள்ளைகுட்டிக்காரர். ஒரு பெரிய பதிவேட்டை எடுத்து, புதிய பக்கம் திருப்பி, விரிசலின் நீள அகலத்தைக் குறித்தார். 'உரிமையாளர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"சுவர்ப் பிரிவு இல்ல, தண்ணிப் பிரிவும் இல்ல. கட்டத்தைக் காலியா விடக் கூடாது. யாரு முதல்ல பாத்தது?"

"நான்தான் சார்."

எழுதினார். முத்திரை குத்தினார். கையில் ஒரு தாள் கொடுத்தார். பஞ்சர்கடைக்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினார். அவள் வாய்விட்டுப் படித்தாள்: "மேற்படி விரிசலை, ஆய்வு நடைபெறும் நாள் வரை, மனுவில் கண்டவாறே கூடாமலும் குறையாமலும் பராமரித்து வருவது உரிமையாளரின் தலையாய கடமையாகும்."

இரண்டாம் முறை மனதுக்குள் படித்தாள். "அடைக்கக் கேட்டா, வளக்கக் குடுத்திருக்காங்களே."

"வளக்கவும் கூடாதாம். கூடாமலும் குறையாமலும்னு இருக்கு பாரு."

அன்றிலிருந்து திங்கள்கிழமைதோறும் பஞ்சர்கடைக்காரர் விரிசலைச் சுண்டுவிரல் வைத்து அளந்து அலுவலகத்தில் ஒப்புவித்தார். ஐந்தாவது வாரம் அது இரண்டு விரல் அகலமாகியிருந்தது. எழுத்தர் வாங்க மறுத்துவிட்டார்.

"மனுவுல ஒரு விரல்னு இருக்கு. ரெண்டு விரல்னா அது வேற விரிசல். அதுக்குத் தனி மனு போடணும். பழையது எங்க போச்சுன்னு தனியா விளக்கமும் குடுக்கணும்."

பஞ்சர்கடைக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து தம் சுண்டுவிரலை விட்டுக் கட்டைவிரலால் அளக்க ஆரம்பித்தார். விரிசல் மறுபடியும் ஒரு விரல் ஆயிற்று. அலுவலகமும் அவரும் சமாதானமானார்கள்.

இந்த நேரத்தில்தான் மூச்சு டீச்சர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஊரில் பாதிப் பேருக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தவர் அவர். அதற்கு முன்பு அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது தெரியவில்லை. டயர் ஒட்டி முடிகிற வரை கொல்லைப்பக்கம் போனவர், கண்ணை மூடிக்கொண்டு விரிசல் முன்னால் நின்றுவிட்டார்.

"இது விரிசல் இல்லைங்க. அணை நம்மகிட்ட ஏதோ பேச வருது."

"பேசட்டும்மா. எச்சில் தெறிக்கப் பேசுது, அதான் கவலை."

ஒரே வாரத்தில் அணை காப்புக் கமிட்டி உருவாகிவிட்டது. டீச்சர்தான் தலைவி. முதல் மூன்று கூட்டங்கள் டீ-ஷர்ட்டின் நிறத்தைப் பற்றியே நடந்தன. நீலம் என்றது ஒரு கட்சி, பச்சை என்றது ஒரு கட்சி. கடைசியில் 'ஏரி நிறம்' என்று தீர்மானமாயிற்று. ஏரி எந்த நேரத்தில் என்ன நிறம் என்று யாருக்கும் நிச்சயமில்லாததால் யாராலும் ஆட்சேபிக்க முடியவில்லை. தைக்கிற வேலை பஞ்சர்கடைக்காரரின் மனைவிக்கே வந்தது. நெஞ்சில் விரிசலின் படம், முதுகில் 'ஒரு சொட்டும் போகவிடோம்' என்ற முழக்கம்.

முதல் போராட்டம் அணையைக் கட்டிப்பிடிப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுநூறு பேர் வந்து, சுவரில் கன்னத்தை வைத்துப் பத்து நிமிஷம் சாய்ந்து நின்றார்கள். அணைக்கு அவ்வளவு பாசம் பழக்கமில்லை. அங்கங்கே காரை பெயர்ந்து விழுந்தது. விழுந்ததை எல்லோரும் நினைவுப்பொருளாக எடுத்துப் போனார்கள். விழாததைச் சிலர் சாவியால் நெம்பி எடுத்தார்கள்.

கொத்தனார் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சரிடம் மெதுவாகச் சொன்னான்: "ஏம்மா, வந்தவங்க ஆளுக்கு ஒரு கை களிமண்ணு கொண்டாந்திருந்தா இந்நேரம் அடைச்சிருக்கலாமே."

"அடைக்கிறது கடைசிப் படி தம்பி. நாம இப்போ விழிப்புணர்வுங்கிற முதல் படியில இருக்கோம்."

"எத்தனை படிங்க?"

"அதுக்கு ஒரு துணைக் கமிட்டி போட்டிருக்கோம்."

அறுநூறு பேர் வந்தால் முந்நூறு வண்டி வரும். அந்தக் கரடுமுரடான தெருவில் முந்நூறு வண்டி வந்தால் முப்பது வண்டியாவது பஞ்சர் ஆகும். பஞ்சர் கடையில் புதிதாகக் காற்றடிக்கிற இயந்திரம் வந்தது. 'விரிசல் பார்க்க இவ்வழி' என்று ஒரு பலகையும் தொங்கியது. பார்த்துவிட்டு வருவதற்குள் டயரில் காற்றுப் பார்த்து வைத்துவிடுவார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் மச்சான் களிமண் சட்டியோடு கொல்லைப்பக்கம் வந்து நின்றான்.

"மாமா, எல்லாரும் மேடைப்பக்கம் பேச்சுக் கேக்கப் போயிட்டாங்க. ஒரு மணி நேரம் போதும். அடைச்சுட்டுப் போயிடறேன். யாரு கேக்கப் போறா?"

பஞ்சர்கடைக்காரர் சட்டியைப் பார்த்தார். விரிசலைப் பார்த்தார். வாசலில் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் பாக்கலாம் மச்சான். இன்னிக்குக் கூட்டம் அதிகமா இருக்கு."

"கூட்டம் இதைப் பாக்கத்தானே வருது?"

"பின்ன, உன்னைப் பாக்கவா வருது?"

அன்று ராத்திரி மனைவி சாப்பாடு போட்டாள். தட்டை வைத்த சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

பேர் பரவப் பரவ, ஆய்வுக்கு மேலதிகாரியே வந்துவிட்டார். வெள்ளைச் செருப்பு, கையில் அளவு நாடா. விரிசலைக் குனிந்து பார்த்தார். அது அவர் முகத்தில் பளிச்சென்று பீய்ச்சியது.

"தண்ணி வந்துக்கிட்டே இருந்தா விரிசலை எப்படிங்க பாக்கிறது? முதல்ல தண்ணியை நிறுத்துங்க."

"அதை நிறுத்தத்தான் சார் உங்களை வரச் சொன்னோம்" என்றார் பஞ்சர்கடைக்காரர்.

மேலதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிந்தித்தார். சிந்திக்கிற அதிகாரி கிடைப்பது அபூர்வம். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிடிக்கத் தெரிந்தவர்கள்தானே.

"இந்த அணைக்கு ஆபத்து எதனால? தண்ணியால. தண்ணி இல்லைன்னா?"

"ஆபத்து இல்லை சார்" என்றார் எழுத்தர்.

"திறந்து விடுங்க மதகை."

பதினோரு நாளில் ஏரி காலியாயிற்று. பறவைகள் இரண்டு நாள் சேற்றில் நின்று, யாராவது வந்து விளக்கம் சொல்வார்கள் என்று பார்த்துவிட்டு, கிளம்பிப் போய்விட்டன. 'அணைக்கான ஆபத்து முற்றிலும் அகற்றப்பட்டது' என்று அலுவலகம் அறிவித்தது. 'முதல் வெற்றி' என்று கமிட்டி அறிவித்தது. இரண்டு அறிவிப்பையும் ஒரே அச்சகத்தில்தான் அடித்தார்கள்.

அடுத்த வாரம் அணைக்குக் கீழே இருந்த வீட்டுக் கதவுகளிலெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். பழுதுபட்ட அணைக்குக் கீழே இருப்பது அபாயப் பகுதி, பழுது நீங்கும் வரை பாதுகாப்பான பகுதிக்குப் போய்விட வேண்டும். பஞ்சர்கடைக்காரர் நோட்டீஸைக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு எழுத்தரிடம் ஓடினார்.

"அணையில தண்ணியே இல்லையே சார், அப்புறம் என்ன அபாயம்?"

"பழுதான அணைக்குக் கீழன்னுதான் விதி சொல்லுது. தண்ணியைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்லை."

"அப்போ நாங்க எங்கதான் போறது?"

எழுத்தர் வரைபடத்தை விரித்தார். அணைக்குக் கீழே சிவப்பு. அணைக்கு மேலே பச்சை. "சிவப்பு அபாயம், பச்சை பாதுகாப்பு. எவ்வளவு இடம் கிடக்குது பாருங்க."

"இது ஏரி சார்."

"ஏரின்னா நீலம் அடிக்கணும். தண்ணி இல்லாத இடத்துக்கு நீலம் அடிச்சா அது பொய் வரைபடம். நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. நான் பாத்துப் பாத்துப் பச்சை அடிச்சிருக்கேன்."

தெருவே சாமான்செட்டோடு அணைமேல் ஏறி, மறுபக்கம் ஏரிக்குள் இறங்கியது. போகப் போகத்தான் தெரிந்தது, இடம் அருமையான இடம். சமதரை, நல்ல காற்று, நட்டுவைத்தால் கம்பம்கூட வேர்விடக்கூடிய வண்டல். மூச்சு டீச்சர் தம் வகுப்பை அங்கே மாற்றினார். கமிட்டிக்கு ஒரு கொட்டகை எழுந்தது. பழுதுபார்க்கும் பணியை அருகிலிருந்து கண்காணிக்க அலுவலகமே ஒரு கிளையைத் திறந்து, எழுத்தரை ஜன்னலோரம் உட்காரவைத்தது. பஞ்சர் கடை நடுநாயகமான இடத்தில், நாற்சந்தி ஆகப்போகிற இடத்தைக் கணக்குப்போட்டு அமைந்தது.

"ஏங்க, மழை வந்தா?" என்றாள் மனைவி.

"அதுக்குள்ள அணையைச் சரிபண்ணிடுவாங்கடி."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருளை அவர் அப்போது விசாரிக்கவில்லை.

பழுதுபார்க்கும் வேலை கொத்தனார் மச்சானுக்கே கிடைத்தது. கிடைத்ததே தவிர, அவன் பட்ட பாடு சொல்லி முடியாது. கமிட்டிக்காரர்கள் முறைவைத்து நின்று ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்தார்கள். ஒரு சட்டி சிமெண்டு குறைந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். "குளிக்கும்போது யாரோ பாக்கிற மாதிரியே இருக்கு மாமா" என்று புலம்பினான். வேறு வழியில்லாமல் நன்றாகக் கட்டினான்.

பாதி வேலையில் ஒரு சந்தேகம் வந்தது. உத்தரவைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரியிடம் போனான். "அணையில் காணப்படும் துளைகள் அனைத்தும் அடைக்கப்பட வேண்டும்னு இருக்கு சார். மதகும் துளைதானே?"

மேலதிகாரி உத்தரவை வாங்கிப் பார்த்தார். அவர் போட்ட உத்தரவுதான். "அனைத்தும்னா போட்டிருக்கு?"

"ஆமாங்க."

"அப்போ அனைத்தும்தான்."

கமிட்டியும் ஏகமனதாக வழிமொழிந்தது. ஒரு சொட்டும் போகவிடோம் என்று முதுகில் எழுதிக்கொண்டு மதகை மட்டும் எப்படி விட்டுவைப்பது? அணையின் உச்சியில், மிஞ்சிய தண்ணீர் வழிந்து போவதற்காகப் பழங்காலத்தார் விட்டிருந்த பள்ளத்தையும் நிரவிவிட்டார்கள். நடைப்பயிற்சி செய்கிறவர்கள் தடுக்கி விழுகிறார்களாம்.

கடைசியில் ஒழுக்குப் பார்க்க அனுபவஸ்தர் வேண்டுமே. பஞ்சர்கடைக்காரரை அழைத்தார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மூன்று நாள் அணையை அங்குலம் அங்குலமாகத் தடவினார், தட்டினார், காதை வைத்தார். ஊசிமுனை அளவுக்கு ஓர் இடம் சந்தேகமாகப்பட்டது. மச்சானைத் திட்டி அதையும் பூசவைத்தார். பிறகு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'இனி இது எந்தக் காலத்திலும் ஒழுகாது.' விரிசல் பதிவேட்டில் அவர் பெயரின் குறுக்கே எழுத்தர் ஒரு சிவப்புக் கோடு போட்டார். அந்தக் கோட்டின்மேல் அவர் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்தார்.

திறப்பு விழா அமர்க்களப்பட்டது. அபாயப் பகுதி என்ற அறிவிப்பும் அன்றே நீக்கப்பட்டது. எல்லோரும் பழைய வீட்டுக்குத் திரும்பலாம். யாரும் திரும்பவில்லை.

"வாங்க, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்றாள் மனைவி. "அதான் அணையைக் காப்பாத்தியாச்சே. நீங்க கேட்டதும் அதைத்தானே?"

"இப்பத்தான் கடை சூடு பிடிச்சிருக்கு. மழைக்காலம் போகட்டும்."

"மழைக்காலம் போகட்டுமா?" என்று திருப்பிக் கேட்டாள். கேட்டுவிட்டுத் தையல் மிஷினை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் மட்டும் அணைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

மழை ஒரு வியாழக்கிழமை காலையில் ஆரம்பித்தது. சனிக்கிழமை மத்தியானம் கணுக்கால் அளவு. பாதத்தால் குளிர்ச்சியை உணருங்கள் என்றார் டீச்சர். உணர்ந்தார்கள். நான்கு மணிக்கு முழங்கால். எழுத்தர் ஃபைல்களை மேஜைமேல் வைத்தார், மேஜையை பெஞ்சுமேல் வைத்தார், கடைசியில் வரைபடத்தைத் தலையில் போர்த்திக்கொண்டு தாமும் பெஞ்சுமேல் ஏறினார். ஐந்து மணிக்கு ஊர் மொத்தமும் கையில் அகப்பட்ட சட்டிபானையோடு அணையின் உச்சியில் நின்றது.

இந்தப் பக்கம் வீடுகள், கொட்டகை, கிளை அலுவலகம் எல்லாம் இடுப்பளவு தண்ணீரில். பஞ்சர் கடையின் டியூபுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறி மிதந்தன. ஒன்றில்கூட ஒழுக்கு இல்லை. அந்தப் பக்கம் பழைய தெரு, மழை ஈரத்தைத் தவிரப் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. ஒரே ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. தையல் மிஷின் ஓடுகிற சத்தம் மேலே வரை கேட்டது.

"வந்தா ஒருத்தருக்கு இடம் இருக்கு" என்று அவள் ஜன்னலிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். "கமிட்டியோட வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க."

மேலதிகாரி பழைய தெரு வழியாகவே காரில் வந்து இறங்கினார். செருப்பின் அடி மட்டும்தான் நனைந்தது. அணையின் வெளிச் சுவரைக் கையால் தடவினார். கையைப் பார்த்தார். மழை ஈரம்தான், ஏரி ஈரம் இல்லை.

"ஒரு சொட்டாவது?"

"இல்லை சார்" என்றார் எழுத்தர் மேலேயிருந்து, நடுங்கிக்கொண்டே.

'எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாகச் செயல்படுகிறது' என்று மேலதிகாரி குறித்துக்கொண்டார்.

தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அணைமேல் நின்ற அத்தனை பேரும் குனிந்து, வீட்டுக்குள் நின்ற தண்ணீர் வடிந்து போக எங்காவது ஒரு கசிவு, ஒரு ஈரக்கோடு, ஒரு கீறல் கண்ணில் படுமா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பஞ்சர்கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மச்சானின் தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எங்கேயாவது ஒரு இடத்துல, ஒரே ஒரு இடத்துல, கொஞ்சம் ஏமாத்தித்தானே கட்டியிருப்ப?"

கொத்தனார் தோளிலிருந்து அவர் கையை எடுத்துவிட்டான். அவன் கண் கலங்கிவிட்டது.

"என்ன மாமா, இப்படிக் கேட்டுட்டீங்க. இருபது வருஷமா கரண்டி பிடிக்கிறேன். இந்த ஊர்ல பாதிச் சுவரு நான் கட்டினதுதான். அதுல யோக்கியமா கட்டினது இது ஒண்ணுதான்."